சிங்கத்துக்கு என்ன கூலி?

மதுரை தமுக்கம் மைதானத்தில் சர்க்கஸ் கொட்டகை போட்டிருந்த ஒரு கோடை விடுமுறையில் மாமா என்னைக் கூட்டிப்போனார். பார் விளையாட்டு, கோமாளிகள், ஒற்றைச் சக்கர சைக்கிள் எல்லாம் முடிந்தபின் வளையத்தைச் சுற்றி உயரமான கம்பித் தட்டிகளை நிறுத்திப் பூட்டினார்கள். கம்பிச் சுரங்கம் ஒன்றின் வழியாகச் சிங்கங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ரிங் மாஸ்டர் சாட்டையைச் சொடுக்கியதும் ஸ்டூலில் ஏறிய ஒரு சிங்கம் வாயைப் பிளந்து, பல்லைக் காட்டி, முன்காலால் காற்றை ஓங்கி அறைந்தது. கொட்டகையே அதிர்ந்தது. "பாத்தியாடா, எம்புட்டுக் கோவம்!" என்றார் மாமா. நானும் கை வலிக்கத் தட்டினேன்.

அந்தச் சிங்கத்தின் முகத்தில் ஒன்று மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதன் காதுகள் இரண்டும் பின்னால் மடங்கித் தலையோடு ஒட்டிக் கிடந்தன. விலங்குகளின் நடத்தையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. பூனைக் குடும்பத்தில் எந்த விலங்கானாலும், தாக்க முடிவெடுத்துவிட்ட விலங்கின் காதுகள் விறைத்துத் திரும்பி, அவற்றின் பின்புறம் முன்னால் இருப்பவருக்குத் தெரியும்படி நிற்கும். காது தட்டையாகப் படிந்தால் அது தற்காத்துக்கொள்கிறது என்று பொருள். அடிபடப் போகிற வீட்டுப் பூனையும் இப்படித்தான் காதை மடக்கும், வாயைப் பிளந்து சீறும். நாங்கள் கை தட்டியது ஒரு விலங்கின் பயத்துக்கு.

கூண்டுக்குள் நடப்பதைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு முதலில், ஒரு சிங்கம் ஏன் ஸ்டூலில் ஏறுகிறது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு முதலில் தெளிவான விடை சொன்னவர் ஹைனி ஹெடிகர் (1908–1992). சுவிட்சர்லாந்தில் பெர்ன், பாசெல், சூரிச் ஆகிய மூன்று நகரங்களின் உயிரியல் பூங்காக்களுக்கும் அடுத்தடுத்து இயக்குநராக இருந்த விலங்கியலாளர். சர்க்கஸ் என்பது திருவிழாக் கேளிக்கை, அதில் அறிவியலுக்கு என்ன வேலை என்று பலரும் ஒதுக்கியபோது, ஹெடிகர் பயிற்சிக் கூண்டின் ஓரத்தில் நின்று மனிதனும் விலங்கும் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் கவனித்தார். அடைபட்ட காட்டு விலங்குகளைப் பற்றி 1942ல் அவர் வெளியிட்ட நூல் இன்றைய உயிரியல் பூங்கா அறிவியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று.

ஹெடிகர் கண்டதை நம் வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். தரையில் இரை பொறுக்கும் ஒரு மைனாவை நோக்கி மெதுவாக நடந்து போங்கள். ஓரளவு தூரம் வரை அது உங்களைப் பொருட்படுத்தாது. பிறகு ஓர் அடி எடுத்து வைத்ததும் பறந்துவிடும். ஒரே மைனாவுக்கு அந்த எல்லை ஏறத்தாழ மாறாதது. டீக்கடை வாசலில் பழகிய மைனாவுக்கு அது சிறியதாக இருக்கும், வயல்வெளி மைனாவுக்குப் பெரியதாக இருக்கும். எதிரி எவ்வளவு நெருங்கினால் விலங்கு விலகி ஓடுமோ, அதுதான் அதன் விலகும் தொலைவு.

இதற்கு உள்ளே இன்னொரு சிறிய எல்லை இருக்கிறது. ஓட வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்ட விலங்கை நோக்கி மேலும் நெருங்கினால், ஒரு கட்டத்தில் அது திரும்பிப் பாயும். அறைக்குள் புகுந்த பூனையைக் கதவைச் சாத்திவிட்டுத் துரத்தியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். இதை எதிர்க்கும் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் தாக்குதலாக மாறும் கோடு அது. அனுபவமுள்ள பயிற்சியாளர் இந்தக் கோட்டை அங்குலக் கணக்கில் அறிந்திருந்தார் என்று ஹெடிகர் எழுதினார்.

இப்போது கூண்டுக்குள் போவோம். பயிற்சியாளர் சிங்கத்தை நோக்கி நடக்கிறார். விலகும் தொலைவுக்குள் அவர் வந்ததும் சிங்கம் பின்வாங்குகிறது. கம்பித் தட்டி முதுகில் இடிக்கிறது, இனி போக இடமில்லை. அவர் இன்னும் ஓர் அடி வைக்கிறார். எதிர்க்கும் தொலைவு மீறப்பட்டதும் சிங்கம் திரும்பி அவரை நோக்கி வருகிறது. அப்படி வரும்போது குறுக்கே எது கிடந்தாலும் சுற்றிப் போகாது, அதன்மேல் ஏறி நேராக வரும். பயிற்சியாளர் அந்தக் குறுக்கு வழியில் முன்கூட்டியே ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருக்கிறார். சிங்கத்தின் முன்கால்கள் ஸ்டூலின் மேல் ஏறும் அதே கணத்தில் அவர் பின்னால் நகர்ந்து எதிர்க்கும் தொலைவுக்கு வெளியே போய்விடுகிறார். தாக்க வேண்டிய காரணம் மறைந்துவிட்டது. சிங்கம் அங்கேயே நின்றுவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு, சாட்டையை நீட்டிய மனிதனின் கட்டளைக்குக் காட்டு ராஜா பணிந்து அரியணை ஏறியதாகத் தெரிகிறது.

சிங்கத்துக்கு இதில் கிடைத்தது என்ன? அந்த மனிதன் பின்வாங்கினான். அதுதான் அதன் கூலி. ஏறினால் அவன் விலகிப் போகிறான் என்பதை இரண்டு மூன்று முறையிலேயே அது கற்றுக்கொள்ளும். உளவியலில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். பாடநூல் படித்தவர்களே இதைத் தண்டனை என்று எண்ணிக் குழம்புவதுண்டு. தண்டனை ஒரு செயலைக் குறைப்பதற்காகத் தரப்படுவது. இங்கே தொல்லை ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்படுகிறது. ஆனால் தொல்லை நீங்க வேண்டுமானால் முதலில் தொல்லை இருக்க வேண்டும். அந்தத் தொல்லை வேறு யாருமில்லை, பயிற்சியாளர்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கூண்டு வீரர்களில் பெரும்பாலோர் இந்த வழியில்தான் சம்பாதித்தார்கள். அமெரிக்கரான ஐசக் வான் ஆம்பர்க், சிங்கத்தின் வாய்க்குள் தலையை விட்டுக் காட்டியவர்களில் முதலாமவராகச் சொல்லப்படுபவர். இரும்புத் தடியால் அடித்து விலங்குகளை ஒடுக்கினார் என்பதை அக்காலப் பதிவுகள் மறைக்கவில்லை. 1839ல் லண்டன் டிரூரி லேன் அரங்கில் அவரது காட்சியைக் கண்ட இளம் விக்டோரியா மகாராணிக்கு அது மிகவும் பிடித்துப்போய், மீண்டும் மீண்டும் வந்து பார்த்தார். சிங்கமும் புலியும் சிறுத்தையும் சூழ வான் ஆம்பர்க் சாய்ந்திருப்பதை எட்வின் லாண்ட்சீர் ஓவியமாகவே தீட்டினார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1831ல், பாரிஸில் ஆன்றி மார்த்தேன் என்பவர் விலங்குகளோடு நடித்த நாடகம் ஒன்று பெரும் வெற்றி பெற்றது. அதன் பெயர் 'மைசூர்ச் சிங்கங்கள்'. மைசூர்க் காட்டில் புலி உண்டு, சிங்கம் கிடையாது. திப்புவின் நாட்டைப் பற்றி ஐரோப்பா வைத்திருந்த கற்பனைக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. மார்த்தேனை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் வேறு. அவர் விலங்கை அடித்துப் பணிய வைக்கவில்லை, நாள்கணக்கில் கூண்டருகே இருந்து தன்னைப் பழக்கப்படுத்திக்கொண்டார். அதாவது, விலகும் தொலைவைச் சிறிது சிறிதாகச் சுருக்கினார். பெயர் வைக்காத ஓர் உண்மையை அவர் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்.

அந்தக் கைப்பழக்கத்தை முறையாக மாற்றியவர் ஹாம்பர்க் நகரத்து விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் (1844–1913). உலகெங்கும் காட்டு விலங்குகளைப் பிடித்து விற்ற மனிதர் அவர். அந்த வியாபாரத்தின் கொடுமைகள் தனிக் கதை. ஆனால் ஒவ்வொரு சிங்கத்துக்கும் விலை தெரிந்தவராக இருந்ததால், அடியும் சூட்டுக்கோலும் விலங்கைக் கெடுத்துப் பணத்தையும் கெடுக்கின்றன என்பதைக் கண்டார். விலங்குகளுக்கும் ஆளுக்கொரு குணம் உண்டு, எல்லாச் சிங்கமும் பயிற்சிக்கு ஏற்றதல்ல என்று சொன்னார். தொடக்கத்தில் வாங்கிய 21 சிங்கங்களில் நான்கு மட்டுமே தேறின என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தச் சிங்கங்களைத் தேரில் பூட்டி ஓட்டிய காட்சி ஐரோப்பாவைக் கிறங்கடித்தது. தேர் அலங்காரத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதினேழு சிங்கங்கள். அடித்துப் பழக்குபவருக்குத் தேர்வு தேவையில்லை. பழகுவதற்குச் சம்மதிக்கும் விலங்கைத் தேடுபவருக்குத்தான் தேர்வு தேவை.

1907ல் ஹாம்பர்க்கை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவில் சிங்கங்களுக்கு முன்னால் கம்பி இல்லை, அகன்ற பள்ளம் மட்டுமே இருந்தது. பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்யும் முன், விலங்குகள் எவ்வளவு தூரம் தாண்டும் என்று தாண்ட வைத்தே அளந்து பார்த்தார். இதுவும் தொலைவைப் பற்றிய அறிவுதான்.

மென்மையான பயிற்சி எப்படி நடக்கிறது? சிங்கத்துக்கு ஒரு வயது ஆகும் தறுவாயில் தொடங்குவார்கள். முதல் பாடம் இருக்கை. நீண்ட குச்சியின் நுனியில் இறைச்சித் துண்டைக் குத்தி, அதைப் பின்தொடர்ந்து வரச் செய்து, ஸ்டூலில் ஏற்றி, அங்கே கொடுப்பார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் தனி இருக்கை, அதன் இடம் மாறக் கூடாது. சில வாரங்களில் அந்த இருக்கை சிங்கத்துக்கு வெறும் மரக்கட்டையாக இருப்பதில்லை. அங்கே இருக்கும்வரை யாரும் தொந்தரவு செய்வதில்லை, நல்லதுதான் நடக்கிறது. காட்டில் ஒரு பாறை மேட்டைப் போல, கூண்டுக்குள் அதற்கென்று ஓர் இடம் உருவாகிவிடுகிறது. ஹெடிகர் இதை மிகவும் அழுத்திச் சொன்னார். இருக்கையில் நிம்மதியாக இல்லாத விலங்குக்கு வேறெதையும் கற்பிக்க முடியாது.

அடுத்து, இறைச்சிக்கு முன்பாக ஒரு சொல்லோ ஒலியோ சேர்கிறது. சிங்கம் சரியாகச் செய்த அந்தக் கணத்தில் பயிற்சியாளர் அந்தச் சொல்லைச் சொல்கிறார், பிறகு இறைச்சி வருகிறது. பத்தடி தூரத்தில் நிற்கும் விலங்கிடம் துண்டைக் கொண்டு சேர்ப்பதற்குள் அது வேறு நாலு காரியம் செய்துவிடும் அல்லவா? எதற்காகக் கூலி என்பதை அந்தச் சொல் முத்திரை குத்திச் சொல்லிவிடுகிறது. இன்று நாய்ப் பயிற்சியில் கிளிக் என்று ஒலிக்கும் சிறு கருவியைப் பயன்படுத்துகிறார்களே, அதன் வேலையும் இதுதான். பாடநூல்கள் ஆக்கநிலையிறுத்தம் என்ற பெரிய பெயரில் சொல்வதைச் சர்க்கஸ்காரர்கள், பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து விதிகளை எழுதுவதற்கு முன்பே, பிழைப்புக்காகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரெலாண்டும் மரியன் பிரெலாண்டும் பிற்காலத்தில் விலங்குப் பயிற்சியையே தொழிலாகக் கொண்டவர்கள். 1961ல் அவர்கள் எழுதிய கட்டுரை அந்த விதிகளுக்கு ஓர் எல்லை போட்டது. உண்டியலில் காசு போடப் பழக்கப்பட்ட பன்றி, நாள் போகப் போகக் காசை மண்ணில் போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. கூலி எதுவானாலும் விலங்கின் பிறவி இயல்பு தன் பக்கம் இழுக்கும். சிங்க வித்தைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், பெரும்பாலானவை சிங்கம் தானாகவே செய்யும் காரியங்களிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை என்று தெரியும். தாண்டுதல், படுத்தல், வரிசையாக ஒன்றையொன்று ஒட்டிக் கிடத்தல், முன்காலால் தட்டுதல் எல்லாமே அப்படித்தான். பெரும் பூனைகளில் கூட்டமாக வாழ்வது சிங்கம் ஒன்றுதான் என்பதால், பத்துச் சிங்கங்களைப் படிக்கட்டு வரிசையில் ஏற்றிக் கோபுரம் போல் அமர வைப்பது சிங்கக் காட்சிகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தனித்து வாழும் புலிகளை அப்படி ஒட்டி உட்கார வைப்பது கடினம்.

சரி, காட்சியை எப்படி மதிப்பிடுவது? சர்க்கஸ் உலகத்துக்குப் போட்டிகளும் நடுவர்களும் உண்டு. மொனாக்கோவின் இளவரசர் மூன்றாம் ரெய்னியர் 1974ல் தொடங்கிய மோண்டே கார்லோ சர்க்கஸ் விழா அவற்றுள் தலையானது. தங்கக் கோமாளி என்ற அதன் பரிசு, அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆஸ்கர் போல. 2010ல் அதை வென்றவர்களில் ஒருவர் மார்ட்டின் லேசி இளையவர். இங்கிலாந்தில் பிறந்து, ஜெர்மனியின் குரோனே சர்க்கஸில் சிங்கங்களோடு பெயர் வாங்கியவர்.

அனுபவமுள்ள கண், கூட்டம் ஆர்ப்பரிக்கும் இடத்தில் பெரும்பாலும் மதிப்பெண் போடுவதில்லை. வாய்க்குள் தலையை விடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க நெஞ்சு நடுங்கும். ஆனால் அதற்கு வேண்டியது ஒரு சாதுவான சிங்கமும், அதன் உதடுகளைப் பற்றிப் பல்லின்மேல் வைத்துப் பிடிக்கும் கையும். சிங்கம் வாயை மூடினால் முதலில் தன் உதட்டையே கடிக்க நேரும். நெருப்பு வளையம் தாண்டுவதும் அவ்வளவு கடினமில்லை. தாண்டுவது பிறவி வித்தை, நெருப்பின் பயத்தைத்தான் படிப்படியாகக் குறைத்திருப்பார்கள். இவற்றைவிட, சிங்கம் பின்புறத்தை ஊன்றி முன்கால்களைத் தூக்கி நிமிர்ந்து உட்காருவது மிகக் கடினம். ஆண் சிங்கத்தின் எடையில் பெரும்பங்கு மார்பிலும் தோளிலும் இருக்கிறது. முதலில் மூலையில் சாய்ந்து பழகி, பிறகு சாய்மானம் இல்லாமல் சில விநாடிகள், பிறகு நீண்ட நேரம் என்று முதுகுத் தசை வலுப்பட மாதங்கள் ஆகும். ஐந்தாறு சிங்கங்கள் ஒரே நேரத்தில் அப்படி நிமிர்ந்து, ஒன்றுகூடச் சாயாமல் எல்லாம் சேர்ந்து இறங்கினால், கொட்டகையில் கைதட்டல் குறைவாக இருந்தாலும் தொழில் தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள்.

ஆனால் நான் வித்தைகளிலிருந்து தொடங்க மாட்டேன். கம்பிச் சுரங்கத்திலிருந்து வெளிவரும் அந்த முதல் நிமிடத்திலிருந்து தொடங்குவேன். சிங்கங்கள் தானாக இருக்கைக்கு ஓடுகின்றனவா, வெளியிலிருந்து கம்பால் குத்தி அனுப்ப வேண்டியிருக்கிறதா? ரோமம் பளபளக்கிறதா, பிடரி தேய்ந்து சொட்டையாக இருக்கிறதா? இடுப்பெலும்பு தெரிகிறதா? ஒரு சிங்கம் வித்தை செய்யும்போது மற்றவை இருக்கையில் என்ன செய்கின்றன? கொட்டாவி விட்டுக் காத்திருக்கும் விலங்கு ஒன்றைச் சொல்கிறது, பயிற்சியாளரை விட்டுக் கண்ணை எடுக்காமல் உடம்பைக் குறுக்கிக்கொண்டிருக்கும் விலங்கு வேறொன்றைச் சொல்கிறது. புலியாக இருந்தால் இன்னோர் அடையாளமும் உண்டு. நட்பான புலி மூக்கு வழியாகப் புர்ர் என்று மெல்லிய ஒலி எழுப்பும். அதைப் பிரம்பால் வரவழைக்க முடியாது. சிங்கத்துக்கு அந்த ஒலி கிடையாது, அது தலையைக் கொண்டுவந்து உரசும்.

பிறகு பயிற்சியாளரின் கால்களைப் பார்ப்பேன். சாட்டையைப் பார்த்து ஏமாறக் கூடாது. நல்ல பயிற்சியாளரின் சாட்டை பெரும்பாலும் இடம் காட்டும் விரல்தான். கால்கள் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு வித்தைக்கும் அவர் விலங்கை நோக்கிப் பாய்ந்து, அது செய்ததும் பின்வாங்குகிறாரா? அப்படியானால் கூலி, அவர் விலகுவது. வித்தை முடிந்ததும் அவர் விலங்கை நோக்கிப் போகிறாரா, விலங்கும் அவரை நோக்கி வருகிறதா? அப்படியானால் கூலி, அவர் வருவது. கூண்டுக்குள் ஒருவர் எத்தனை ஆண்டு எப்படி வேலை செய்திருக்கிறார் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

சீறல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். சீறுவதையும் பாய்வதையும் கூலி கொடுத்தே கற்பிக்க முடியும். கம்பி வரை பயிற்சியாளரைத் துரத்திவிட்டுத் திரும்பும் சிங்கம், பயின்ற பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது என்பது பல நேரங்களில் உண்மை. அமெரிக்காவின் கிளைட் பியட்டி (1903–1965) இந்தப் பாணியின் மன்னர். ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் சாட்டை, இடுப்பில் வெற்றுத் தோட்டா போட்ட கைத்துப்பாக்கி. நாற்பது சிங்கம் புலிகளோடு ஒரே கூண்டில் நின்றார். நாற்காலி ஒரு கேடயம், மனிதனின் கையை நீட்டிக் காட்டும் கருவியும்கூட. நான்கு கால்களும் ஒரே சமயத்தில் அசைவதால் சிங்கத்தின் கவனம் சிதறுகிறது என்பார்கள் பயிற்சியாளர்கள். பியட்டியின் காட்சியில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று பார்வையாளர் பிரித்தறிய முடியாது. 1932ல் நீரோ என்ற சிங்கம் அவர் காலைக் கடித்து மருத்துவமனையில் கிடத்தியது நிஜம். பயிற்சி பெற்ற சீறலையும் பயந்த சீறலையும் பிரிக்க வேண்டுமானால் மீண்டும் காதையும் வாலையும்தான் பார்க்க வேண்டும், சீறிய பிறகு எவ்வளவு விரைவில் முகம் தளர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மென்மையான பயிற்சி ஆபத்தில்லாதது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பழக்கப்பட்ட சிங்கம் மனிதனை இரையாகவோ எதிரியாகவோ பார்ப்பதில்லை, தன் கூட்டத்தில் மூத்த ஒருவனாகப் பார்க்கிறது என்பது ஹெடிகரின் கருத்து. மூத்தவன் தடுமாறி விழுந்தால் கூட்டத்தில் என்ன நடக்குமோ அது கூண்டிலும் நடக்கும். 1872 ஜனவரியில் இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில், மசார்ட்டி என்ற பெயரில் நடித்த ஒற்றைக்கைப் பயிற்சியாளர் கீழே விழுந்ததும் சிங்கங்கள் சேர்ந்து அவரைக் கொன்றன. அதனால்தான் காலணியின் அடித்தோலையும் தரையில் போடும் மரத்தூளையும் பற்றிப் பயிற்சியாளர்கள் அவ்வளவு கவலைப்படுகிறார்கள். 2003ல் லாஸ் வேகாஸ் மேடையில் மந்திரவித்தைக் கலைஞர் ராய் ஹார்னின் கழுத்தைக் கவ்விய வெள்ளைப் புலி, குட்டியிலிருந்து அவரோடு வளர்ந்தது.

இந்தியாவிலும் இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. விஷ்ணுபந்த் சத்ரே 1880ல் குருந்த்வாட் அரண்மனை மைதானத்தில் தன் சர்க்கஸைத் தொடங்கினார். புனேயில் பிறந்த தாமு தோத்ரே (1902–1973) பிரெஞ்சுப் பயிற்சியாளர் ஆல்பிரட் கோர்ட்டோடு சேர்ந்து ஐரோப்பாவிலும் பின்னர் அமெரிக்காவின் ரிங்ளிங் சர்க்கஸிலும் சிறுத்தைகளோடு நின்றார். தலைப்பாகையும் வெற்று மார்புமாக அவர் நிற்கும் படங்களைப் பார்த்தால், நம் ஊரில் கூண்டுக்குள் நிற்பவரையே ரிங் மாஸ்டர் என்று அழைக்கும் வழக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. மேலை நாடுகளில் அந்தப் பெயர் நிகழ்ச்சியை அறிவித்து நடத்துபவருக்கு உரியது.

இத்தனை நேரம் கூண்டுக்குள்ளேயே இருந்துவிட்டோம். சிங்கம் வளையத்தில் நிற்பது ஒரு காட்சிக்கு ஏறக்குறைய பத்து நிமிடம். நாளுக்கு மூன்று காட்சி என்றாலும் அரை மணி. மீதி நேரம் எங்கே? சக்கரம் வைத்த கூண்டு வண்டியில். காட்டிலும் சிங்கம் நாளின் பெரும்பகுதி தூங்கிக் கிடக்கும் விலங்குதானே என்று சர்க்கஸ்காரர்கள் கேட்பார்கள். உண்மைதான், இருபது மணி நேரம்கூடப் படுத்திருக்கும். ஆனால் எங்கே படுப்பது, யாரை விட்டு எவ்வளவு தள்ளிப் படுப்பது என்பதை அது தேர்ந்தெடுக்கிறது. கூண்டு வண்டியில் விலகும் தொலைவுக்கு இடமே கிடையாது. பக்கத்துக் கூண்டில் பகையாளிச் சிங்கம், முன்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டம், பின்னால் பலகைச் சுவர். ஹெடிகர் வளையத்துக்குள் கண்ட அளவுகோலை வண்டிக்குக் கொண்டுபோனால், சிங்கம் நாள் முழுவதும் மூலையில் மாட்டிய நிலையில்தான் இருக்கிறது. ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் ஆகிய இருவரும் 2003ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, இயற்கையில் அகன்ற பரப்பில் திரியும் ஊனுண்ணிகளே அடைப்பில் அதிகம் அங்குமிங்கும் நடந்து தவிக்கின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் சாகின்றன என்று காட்டியது.

அதனால் என் தீர்ப்பு இது: மிகச் சிறந்த பயிற்சியாளரின் மிகச் சிறந்த பத்து நிமிடத்துக்கும் அந்த வண்டியை ஈடுகட்டும் வலிமை இல்லை. பல நாடுகள் இதே முடிவுக்கு வந்திருக்கின்றன. பொலிவியா 2009ல் சர்க்கஸில் விலங்குகளைத் தடை செய்தது. இங்கிலாந்தின் தடை 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸ் 2021ல் இயற்றிய சட்டத்தில் ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ்களுக்கு 2028 வரை காலம் கொடுத்திருக்கிறது. இந்தியா இவர்களுக்கெல்லாம் முந்தியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1991ல் வந்த முதல் அறிவிப்பை எதிர்த்துச் சர்க்கஸ் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1998ல் புதிய அறிவிப்பு வந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. கேரள உயர்நீதிமன்றம் 2000ல் அதை உறுதிசெய்தது, 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. சர்க்கஸ் கலைஞர்களின் தாய்வீடான தலச்சேரி இருக்கும் மாநிலத்தின் நீதிமன்றமே அந்தத் தீர்ப்பைச் சொன்னது.

கூண்டு வண்டிகளிலிருந்து இறங்கிய சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சில இடங்களில் மீட்பு மையங்களை அமைத்தது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அவற்றில் ஒன்று. வந்த சிங்கங்களில் பல, ஆப்பிரிக்கச் சிங்கமும் நம் கிர் சிங்கமும் கலந்து பிறந்தவை. சர்க்கஸ்காரர்களுக்குக் குட்டி கிடைத்தால் போதும், வம்சம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கிர் இனத்தின் தூய்மை கெடக் கூடாது என்பதால் அவற்றை இனப்பெருக்கம் செய்ய விடவில்லை. கைதட்டலுக்காக வளர்க்கப்பட்ட அந்தத் தலைமுறை, வாரிசு இல்லாமல், மண்தரையில் படுத்து வயதாகி முடிந்தது.

ஆனால் கூண்டுக்குள் கற்ற அறிவு முடிந்துவிடவில்லை. உலகின் பல உயிரியல் பூங்காக்களில் இப்போது சிங்கங்களுக்குப் பயிற்சி நடக்கிறது. சாட்டை இல்லை, நாற்காலி இல்லை, பயிற்சியாளர் கம்பிவலைக்கு வெளியே நிற்கிறார். கையில் ஒரு குச்சி, ஒரு விசில், வாளியில் இறைச்சித் துண்டுகள். சிங்கம் வந்து வலையோடு விலாவை ஒட்டிப் படுக்கிறது, சிறு திறப்பின் வழியே வாலை வெளியே இழுக்க விடுகிறது. மருத்துவர் வாலின் ரத்த நாளத்தில் ஊசி ஏற்றி ரத்தம் எடுக்கிறார். மயக்க மருந்து கிடையாது. விசில் ஒலிக்கிறது, துண்டு வருகிறது. பின்பக்கக் கதவு அந்த நேரம் முழுவதும் திறந்தே இருக்கிறது, பிடிக்காவிட்டால் சிங்கம் எழுந்து போய்விடலாம்.